எக்ஸ்ரே நார்மல்தானே, ஓடலாமா டாக்டர்?

26 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறார், வாரத்தில் நான்கு நாள். ஐந்து மாதங்களுக்கு முன் உள்ளரங்கச் சுவரேற்றத்தில் சேர்ந்தார். கயிறு கிடையாது, கீழே மெத்தை போட்டு ஏறும் போல்டரிங். ஓடாத நாட்களில் இரண்டு மாலை அங்கே போகிறார். ‘எடை குறைந்தால் ஏறுவது சுலபம்’ என்று அங்கே எல்லாரும் சொல்ல, இரவுச் சாப்பாட்டைக் குறைத்து 6 கிலோ இறக்கியிருக்கிறார். பிறகு அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தார். அந்த உற்சாகத்தில், வாரம் 24 கிலோமீட்டராக இருந்த ஓட்டத்தை மூன்றே வாரத்தில் 40 ஆக்கினார். அதுவரை ஒரே மூச்சில் 11 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை 16 ஓடினார். அடுத்த வாரமே வலது காலில் வலி. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே, உட்பக்க எலும்போரமாக.

முதலில் ஓட ஆரம்பிக்கும்போது வலித்து, பத்து நிமிடத்தில் காணாமல் போகும். பிறகு ஓட்டம் முழுக்க வலித்தது. இப்போது ஏழு வாரம் ஆகிறது. கடந்த பத்து நாளாக மாடிப்படி இறங்கினாலே வலிக்கிறது. ஒருநாள் நள்ளிரவில் வலி எழுப்பிவிட்டது. இரண்டாவது வாரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ‘ஷின் ஸ்ப்ளின்ட்தான், எல்லாருக்கும் வரும், ஓடி ஓடித்தான் சரியாகும்’ என்று ஓட்டக் குழுவில் சொன்னார்கள். மெத்தென்ற புது ஷூ வாங்கினார். ஞாயிறு நீள ஓட்டத்துக்கு முன்னால் ஒரு வலி மாத்திரை. பந்தயத்துக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. ஓடலாமா, சதையை உருட்டித் தளர்த்தும் நுரை உருளையான ஃபோம் ரோலர் உதவுமா என்று கேட்கிறார்.

கடிதத்தின் கடைசியில் ஒரு பின்குறிப்பு: “இதற்கும் காலுக்கும் சம்பந்தம் இருக்காது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. நிறையப் பயிற்சி செய்பவர்களுக்கு அது சகஜம், உடம்பு ஃபிட்டாகிவிட்டது என்று அர்த்தம் என்று தோழி சொன்னாள்.”

அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்குப் பிடிக்காத பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றிலிருந்து ஓட வேண்டாம். சுவரிலிருந்து குதிக்க வேண்டாம். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் அறவே வேண்டாம். இந்த வாரத்துக்குள் விளையாட்டு மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பார்த்து, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். காலைத் தொட்டுப் பார்க்காமல் கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய எந்த மருத்துவராலும் முடியாது, என்னாலும்தான். ஆனால் ஓட்டம் முழுக்க நீடிக்கும் வலி, படி இறங்கும்போது வலி, இரவில் எழுப்பும் வலி, இவை மூன்றும் சேர்ந்தால் கணைக்கால் எலும்பான டிபியாவில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் எனப்படும் மயிரிழை விரிசல் விழுந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

என் அறைக்கு வருபவர்களிடம் ஒன்று கவனித்திருக்கிறேன். எல்லாம் பேசி முடித்து, எழுந்து, செருப்பை மாட்டும்போதுதான் ‘அப்புறம் டாக்டர், இன்னொரு விஷயம்...’ என்பார்கள். வந்த காரியமே அந்த இன்னொரு விஷயத்தில்தான் இருக்கும். உங்கள் பின்குறிப்பைப் படித்தபோது அந்த நினைவுதான் வந்தது. அதற்கு வருகிறேன். முதலில் காலைப் பார்த்துவிடலாம்.

விரல் சொல்வது

‘ஷின் ஸ்ப்ளின்ட்’ என்பது வலி இருக்கும் இடத்துக்கு வைத்த பெயர். ‘வயிற்று வலி’ என்று சொல்வதுபோல. அல்சரும் வயிற்று வலிதான், குடல்வாலும் வயிற்று வலிதான். ஓட்டக் குழுவில் உங்களுக்கு ஆறுதல் சொன்னவர்களுக்கு வந்தது ஒன்றாகவும் உங்களுக்கு வந்திருப்பது வேறாகவும் இருக்கலாம். பெயர் மட்டும் ஒன்று.

கட்டில் விளிம்பில் உட்காருங்கள். வலது முழங்காலை மடக்கிக் குதிகாலைத் தரையில் வையுங்கள். கெண்டைச் சதை தொளதொளவென்று தளர்ந்திருக்க வேண்டும். உள்பக்கக் கணுக்கால் மொட்டிலிருந்து தொடங்கி, டிபியாவின் உள்விளிம்பு ஓரமாகவே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மேலே வாருங்கள். ஒவ்வொரு விரற்கடைக்கும் நிறுத்தி, மூன்று விநாடி அழுத்தி, அடுத்த இடத்துக்குப் போங்கள். பிறகு இடது காலிலும் அதையே செய்யுங்கள். எலும்போரம் யாருக்குமே கொஞ்சம் கூசும் என்பதால் நல்ல காலோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

நான்கு விரல் அகலத்துக்கு, அதாவது 5 சென்டிமீட்டருக்கும் மேலாக, ஒரே சீராக வலித்தால் அது பெரும்பாலும் எலும்பின் மேலுறையும் அதன் கீழுள்ள எலும்பும் பளு தாங்காமல் நொந்துபோன நிலை. ஷின் ஸ்ப்ளின்ட் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். ஆரம்பத்தில் வலித்து, உடம்பு சூடானதும் மறைந்து, ஓட்டம் முடிந்தபின் மறுபடி வருவது இதன் குணம். உங்கள் முதல் மூன்று வாரம் அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஒரு நாணய அகலத்துக்கு, ஒரே ஒரு புள்ளியில், அழுத்தியதும் காலை இழுத்துக்கொள்ளும்படி வலித்தால் கதை மாறுகிறது. சதை வலி இப்படிப் புள்ளி வைத்துக் காட்டுவது குறைவு, எலும்பு காட்டும். அந்தப் புள்ளி உள்விளிம்பில் இருந்தால் பொதுவாக நல்லபடி ஆறும். முன்பக்கக் கூர்விளிம்பின் நடுவில் இருந்தால் மருத்துவரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஓடும்போது டிபியா லேசாக வளைகிறது. முன்பக்கம் இழுபடும் பக்கம். இழுபடும் பக்கத்து விரிசல் ஆறப் பல மாதம் ஆகும். கவனிக்காமல் விட்டால் எலும்பு முழுதாக முறியக்கூடும், சிலருக்கு உள்ளே கம்பி வைக்க வேண்டியும் வரும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஓட ஆரம்பித்து ஏறத்தாழ அதே நிமிடத்தில், முன்பக்க வெளிப்புறச் சதை கல்போல இறுகும். பாதத்தின் மேல்புறம் மரத்துப்போகும். சிலருக்குப் பாதம் தொப்பென்று தரையில் விழும். நின்றுவிட்டால் பதினைந்து, முப்பது நிமிடத்தில் எதுவுமே நடக்காததுபோல் ஆகிவிடும். சதையைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் ஏறுவதால் வருவது இது. உங்கள் விவரம் இதற்குப் பொருந்தவில்லை. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பொருந்தலாம் என்பதால் எழுதுகிறேன்.

இணையத்தில், ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்து விரிசலைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. மருத்துவர் முன்னால் செய்யும் சோதனைதான் அது. வீட்டில் நீங்கள் செய்ய வேண்டாம். விரிசல் இருக்கிறதா என்று பார்க்கப்போய் விரிசலைப் பெரிதாக்கிக்கொள்வானேன்?

எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை

எக்ஸ்ரே நார்மல் என்பதை நீங்கள் நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் தவறில்லை, அறிக்கையில் அப்படித்தானே போட்டிருக்கிறது. ஆனால் மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிவதே இல்லை. ஆறத் தொடங்கி, சுற்றிலும் புது எலும்பு படிந்த பிறகுதான் ஒரு நிழல்போல விழும்; சிலருக்குக் கடைசிவரை விழாது. உங்களுக்கு எடுத்தது இரண்டாவது வாரத்தில். அன்றைக்கு நார்மல் என்பது அன்றைக்கு அந்தப் படத்தில் தெரியவில்லை என்ற அளவுக்குத்தான். அதன்பின் ஐந்து வாரம் ஓடியிருக்கிறீர்கள்.

எம்.ஆர்.ஐ. எலும்புக்குள் இருக்கும் நீர்க்கோப்பையே காட்டிவிடும். மேலுறை மட்டும் வீங்கியிருக்கிறதா, மஜ்ஜைவரை போயிருக்கிறதா, விரிசல் கோடே விழுந்துவிட்டதா என்று படிநிலை பிரித்துச் சொல்ல முடியும். எத்தனை வாரம் ஓய்வு என்ற கணக்கு அதிலிருந்துதான் வரும். ‘எக்ஸ்ரேதான் பார்த்தாச்சே’ என்று யாராவது தட்டிக்கழித்தால், “ஏழு வாரமாக வலி, இப்போது ஒரே புள்ளியில், இரவிலும் வலிக்கிறது, நான்கு மாதமாக மாதவிடாய் இல்லை” என்று இதே வரிசையில் சொல்லுங்கள் (‘ஒரே புள்ளியில்’ என்பதை, உங்கள் விரல் அப்படிக் காட்டியிருந்தால் மட்டும்). காரணத்தோடு கேட்பதற்கும் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதற்கும் உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. யாரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு பழைய சங்கதி. 1855இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதினார். அடிபடவில்லை, விழவில்லை, வெறுமனே நடந்தே வந்த வலி. அது எலும்பு விரிசல் என்பது அவருக்குத் தெரியாது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படவே இன்னும் 40 ஆண்டு இருந்தது. இன்றும் இந்த விரிசலை முதலில் காட்டிக்கொடுப்பது அதே இரண்டும்தான்: வலியோடு வந்தவர் எவ்வளவு நடந்தார் என்ற கதை, அழுத்தினால் எங்கே வலிக்கிறது என்ற விரல்.

எலும்புக்குள் நடக்கும் சாலைப்பணி

எலும்பை நாம் தூண்போல நினைத்துக்கொள்கிறோம். அது ஓயாமல் பழுதுபார்க்கப்படும் சாலை. நீங்கள் ஒரு கிலோமீட்டர் ஓடினால் வலது கால் மட்டும் ஏறத்தாழ 500 முறை தரையில் விழுகிறது. ஒவ்வொரு முறையும் தரையின் எதிர்விசை உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அதோடு கெண்டைச் சதையும் எலும்பை இழுத்து அமுக்குவதால் டிபியா தாங்கும் சுமை அதைவிடவும் பெரிது. கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் விழுவது சகஜம். அவற்றைச் சரிசெய்ய ஒரு வகைச் செல்கள் வந்து பழுதான எலும்பைச் சுரண்டி எடுக்கின்றன. அதற்குச் சில வாரம். பிறகு இன்னொரு வகை வந்து புது எலும்பை நிரப்புகிறது. அதற்கு மூன்று மாதத்துக்குக் குறையாது. பழைய தாரைச் சுரண்டிவிட்டார்கள், புதுத் தார் இன்னும் போடவில்லை, அந்த இடைவெளியில் லாரிகளை விட்டால் சாலை என்ன ஆகும்? வாரம் 24இலிருந்து 40க்குத் தாவியபோது நீங்கள் விட்டது அந்த லாரிகளை.

மூச்சும் இதயமும் சில வாரத்தில் பயிற்சிக்குப் பழகிவிடும். தசையும் சீக்கிரம் பழகும். எலும்பு நிதானமாகத்தான் வரும். ‘இன்னும் ஓடலாம்போல இருக்கே’ என்று உங்களுக்குத் தோன்றியது மூச்சின் பேச்சு. எலும்பிடம் யாரும் கேட்கவில்லை.

‘வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே’ என்று ஒரு விதி ஓட்டக்காரர்கள் மத்தியில் வேதவாக்கு. நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அந்த 10 சதவீத விதிப்படியும் மற்றதற்கு வழக்கமான வேகத்திலும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வெளியான முடிவு: இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம், வித்தியாசமே இல்லை. 5,000க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரத் தரவை வைத்து 2025இல் வந்த ஆய்வு வேறு பக்கம் கைகாட்டுகிறது. கடந்த 30 நாளில் ஓடிய அதிகபட்ச தூரத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் நீட்டி ஓடுவதுதான் காயத்தோடு அதிகம் சேர்ந்து வந்தது. உங்கள் 11 கிலோமீட்டருக்கு அடுத்த படி 12. நீங்கள் 16க்குப் போய்விட்டீர்கள். வாரக்கணக்கை விட அந்த ஒரு ஞாயிறுதான் என் கண்ணில் படுகிறது.

சுவரேறும் நாள் ஓய்வு நாளா?

கடிதத்தில் ‘வாரத்தில் மூன்று நாள் காலுக்கு ஓய்வு கொடுக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு நாள் போல்டரிங். கை வேலைதானே என்று தோன்றும். ஒரு மாலையில் எத்தனை முறை மேலிருந்து மெத்தைக்குக் குதிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிடி நழுவி விழுவது, உச்சியைத் தொட்டுவிட்டுக் குதிப்பது எல்லாம் சேர்த்தால் சுலபமாக முப்பது நாற்பது வரும். மெத்தை எதிர்விசையைக் கொஞ்சம் குறைக்கும், இல்லாமலாக்காது. ஆக, உங்கள் டிபியாவுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்மையான விடுமுறை.

சுவரேறுபவர்களுக்கென்றே வேறு சில முன்கால் வலிகளும் உண்டு. பாதத்தின் மேல்புறத்தைப் பிடியில் கொக்கிபோல மாட்டி இழுக்கும் டோ ஹுக்கில் முன்பக்கச் சதை நன்றாக நோகும். அது எலும்புக்கு வெளிப்புறம், சதை திரண்ட இடத்தில் இருக்கும். சில நாளில் அடங்கும். மலைப்பாறைக்கு ஏறப் போகிறவர்களுக்கு, சுமையோடு நெடுக இறங்கி வந்த மறுநாள் அதே சதை பிடித்துக்கொள்ளும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது. பிடியிலோ பாறையிலோ முன்கால் பலமாக மோதியபின், அடிக்குப் பொருந்தாத அளவுக்கு வலி ஏறிக்கொண்டே போய், சதை பலகைபோல் இறுகி, கால்விரலை யாராவது கீழ்நோக்கி மடக்கினால் உயிர்போகிற மாதிரி வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதேபோல் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி, கூடவே மூச்சு வாங்கினாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம்.

அந்தப் பின்குறிப்பு

இனி நீங்கள் சம்பந்தமில்லை என்று நினைத்த விஷயம்.

நிறையப் பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது உங்கள் தோழி சொன்னதுபோல் அடிக்கடி பார்ப்பதுதான். அடிக்கடி பார்ப்பதால் அது நல்லது என்று ஆகிவிடாது. செலவுக்கு ஏற்ற வரவு இல்லாதபோது உடம்பு எதையெல்லாம் ஒத்திப்போடலாம் என்று பார்க்கிறது. மூச்சை ஒத்திப்போட முடியாது, இதயத்தை முடியாது. கருத்தரிப்பை ஒத்திப்போடலாம். மூளை அந்த ஹார்மோன் வரிசையை அடக்கிவிடுகிறது, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, மாதவிடாய் நிற்கிறது.

சாலைப்பணிக்குத் திரும்பி வாருங்கள். பழைய எலும்பைச் சுரண்டும் செல்களைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்தால் சுரண்டும் கூட்டம் கேட்பாரற்று வேலை செய்யும். நிரப்பும் கூட்டத்துக்கோ தாரும் இல்லை, கூலியும் இல்லை, ஏனென்றால் சாப்பாடு குறைந்துவிட்டது. ஓட்டத்தைக் கூட்டியதால் மட்டும் வந்திருக்க வேண்டிய நோவு, இந்த நிலைமையில் விரிசல்வரை போவது எளிது. ஐந்து மாதத்தில் 6 கிலோ, நான்கு மாதமாக மாதவிடாய் இல்லை, ஏழு வாரமாக எலும்பு வலி. இந்த மூன்று தேதியையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

இதற்கு விளையாட்டில் ஏற்படும் சார்பு ஆற்றல் பற்றாக்குறை என்ற பொருளில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் ஒரு பெயர் வைத்தது. சுருக்கமாக ரெட்-எஸ் என்பார்கள். ஆண்களுக்கும் வரும். அவர்களுக்கு மாதாமாதம் எச்சரிக்க ஒன்றும் இல்லாததால் இன்னும் தாமதமாகத் தெரியும்: சோர்வு, அடிக்கடி சளி, பாலுணர்வு மங்குவது, பிறகு ஒருநாள் எலும்பு. எடை குறைத்து ஏறும் தம்பிமார்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

எனவே கால் மருத்துவரோடு மகப்பேறு மருத்துவரையும், அல்லது இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த விளையாட்டு மருத்துவரையும் பாருங்கள். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். எல்லாரிடமும் கேட்பதுதான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறகு தைராய்டு, புரோலாக்டின், கருமுட்டைப்பை ஹார்மோன்கள், இரும்புச்சத்து இருப்பு, வைட்டமின் டி. மாதவிடாய் நிற்க வேறு காரணங்களும் உண்டு, அவற்றை விலக்கிய பிறகே ஆற்றல் பற்றாக்குறை என்று முடிவுகட்டலாம். எலும்பு அடர்த்தி ஸ்கேன் தேவையா என்றும் கேளுங்கள். ஹார்மோன் மாத்திரை போட்டுப் பீரியட்ஸை வரவழைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கருத்தடை மாத்திரையால் வரும் ரத்தப்போக்கு, ஹார்மோன் வரிசை மீண்டுவிட்டதற்கு அடையாளம் அல்ல. நாள்காட்டி சரியாக இருக்கும், எலும்பு அப்படியே இருக்கும். மீள வைப்பது சாப்பாடு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாவுச்சத்து, போதிய புரதம், கால்சியம், கைவிட்ட இரவுச் சாப்பாடு. ஒரு விளையாட்டு உணவியலாளர் கூட இருந்தால் நல்லது. இழந்த எடையில் கொஞ்சம் திரும்பி வரும், வரட்டும். சாப்பாட்டைக் கூட்ட நினைத்தாலே பதற்றம் வருகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் உதவி இருக்கிறது.

மாதவிடாய் பற்றி நீங்கள் மருத்துவரிடம் சொல்வது உங்கள் சம்மதமில்லாமல் பயிற்சியாளருக்குப் போகக் கூடாது. பயிற்சி இடத்தில் எடை பார்க்கச் சொன்னால் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். காரணமும் சொல்லத் தேவையில்லை.

மாத்திரை, ஷூ, பந்தயம்

வலி மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. எலும்பு உங்களிடம் பேச வைத்திருக்கும் ஒரே மொழி வலி. அதன் வாயைப் பொத்திவிட்டு ஞாயிறுதோறும் அதன்மேல் ஓடியிருக்கிறீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் எலும்பு ஆறுவதையே தாமதப்படுத்தலாம் என்ற ஐயமும் உண்டு. வியர்த்து நீர்வற்றிய உடம்போடு நீள ஓட்டத்தில் இவற்றைப் போடுவது சிறுநீரகத்துக்கும் ஆகாது.

ஷூவை மாற்றியதில் குற்றம் இல்லை, வசதியாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் டிபியாவின் சுமையில் பெரும்பங்கு உங்கள் சதையின் இழுப்பிலிருந்து வருகிறது, மெத்தென்ற சோல் அதை ஒன்றும் செய்யாது.

பந்தயம். ஒன்பது வாரம் என்பது 63 நாள். விரிசல் கோடு இருந்தால் மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும், அதனால் கேள்விக்கே இடமில்லை. விரிசல் இல்லை, வெறும் ஷின் ஸ்ப்ளின்ட்தான் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நோவு உள்ள 74 விளையாட்டு வீரர்களுக்கு மூன்று விதமாகச் சிகிச்சை தந்து பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. 18 நிமிடம் வலியில்லாமல் ஓடும் நிலைக்கு வர மூன்று குழுக்களுக்குமே சராசரியாக 100 நாளுக்கு மேல் ஆனது. வெறும் 18 நிமிடத்துக்கு! உங்களுக்கு அமைகிற ஆகச் சிறந்த முடிவிலும்கூட 21 கிலோமீட்டர் இந்த முறை இல்லை. அமைப்பாளர்களுக்கு இப்போதே எழுதுங்கள். மருத்துவச் சான்றிருந்தால் அடுத்த ஆண்டுக்குப் பதிவை மாற்றித்தரும் பந்தயங்கள் இருக்கின்றன. ‘மெதுவாக நடந்தாவது முடிக்கிறேனே’ என்ற யோசனை வரும். அன்று காலை, கூட்டத்தில், துப்பாக்கிச் சத்தம் கேட்டபின் நடப்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

மீண்டும் ஓடும் வழி

நடந்தாலே வலிக்கிறது என்றால் சில வாரம் ஊன்றுகோலோ பாதுகாப்புப் பூட்ஸோ மருத்துவர் தரலாம். வலியில்லாத வேலைகளைச் செய்யலாம்: நீச்சல், ஆழமான நீரில் மிதப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஓடுவது, வலிக்காவிட்டால் சைக்கிள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஓட முடியாத ஆத்திரத்தில் தினம் இரண்டு மணி நேரம் சைக்கிள் மிதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கால் ஓய்கிறது, ஆனால் வரவு செலவுப் பற்றாக்குறை அப்படியே தொடர்கிறது. மாதவிடாய் திரும்பும்வரை மொத்தப் பயிற்சியையே குறைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தினால் வலி அடங்கியபின் கெண்டைச் சதையைத் தேற்றலாம். குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி: முழங்காலை நீட்டி ஒரு சுற்று, மடக்கி ஒரு சுற்று. மடக்கிச் செய்வதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உள்ளடுக்கில் இருக்கும் சோலியஸ் தசைக்கு வேலை அதில்தான்; ஓட்டத்தில் அதிகச் சுமை வாங்கும் தசைகளில் அதுவும் ஒன்று. இரண்டு காலில் தொடங்கி ஒற்றைக் காலில் நிதானமாக 20, 25 முறை வரும்வரை கூட்டுங்கள்.

அரை மணி நடை, தொடர்ந்து ஐந்து நாள், நடக்கும்போதும் மறுநாள் காலையும் துளி வலி இல்லை, விரல் வைத்து அழுத்தினாலும் இல்லை, மருத்துவரும் சரி என்றார். அதற்குப் பிறகுதான் முதல் ஓட்டம். ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, ஐந்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். அவமானமாக இருக்கும், தெரியும். படிப்படியாக நடையைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டுங்கள். முதலில் தூரம் வரட்டும். வேகமும் இறக்கச் சரிவும் கடைசியில். நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி, அதை 5 முதல் 10 சதவீதம் கூட்டிப் பாருங்கள். காலடியின் நீளம் குறுகும், ஒவ்வோர் அடியின் சுமையும் குறையும். ஓடும்போது வலி எட்டிப் பார்த்தால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

சுவரைப் பொறுத்தவரை, நடை வலியற்றுப் போனதும் மேலிருந்து கயிறு பிடிக்கும் வகையில் ஏறலாம், அதில் குதிக்க வேண்டியதில்லை. போல்டரிங்குக்குத் திரும்பும்போது ஏறிய வழியிலேயே இறங்கி வரப் பழகுங்கள். உச்சியிலிருந்து குதிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

ஃபோம் ரோலரைக் கேட்டிருந்தீர்கள். கெண்டைச் சதையில் உருட்டுங்கள், இதமாக இருக்கும். எலும்பின் மேல் உருட்ட வேண்டாம்.